நம்பிக்கைகளும் உண்மைகளும்: "நேத்து நீங்க எங்க சாப்பிட்டீங்க?"

கோயம்புத்தூரிலிருந்து ஒரகடத்துக்கு மெஷின் பொருத்த வந்த நண்பர் ஒருவர் பதினோரு நாள் தங்கினார். ஊருக்குக் கிளம்புகிற அன்று என்னிடம் சொன்னார்: "காரு, பைக்கு, லாரி, செல்போனு எல்லாம் இங்கே செய்யறாங்க. சோறு மட்டும் யாருக்கும் ஆக்கத் தெரியலைங்க." விசாரித்ததில், பதினோரு நாளும் லாட்ஜுக்குக் கீழே இருந்த ஒரே கடையில் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டிருக்கிறார். நடுவில் ஒரு நாள் மாறுதலுக்காக நூடுல்ஸ்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என்று இந்தப் பக்கம் வேலையாக வருகிறவர்கள் பெட்டியில் லேப்டாப்பும் பாதுகாப்பு ஷூவும் வைத்துக்கொண்டு, கூடவே சாப்பாட்டைப் பற்றிச் சில நம்பிக்கைகளையும் கட்டிக்கொண்டு வருகிறார்கள். வந்து போகத் தொடங்கிய காலத்தில் நானும் அவற்றைத்தான் நம்பி வயிற்றைக் கெடுத்துக்கொண்டேன்.

"இது ஃபேக்டரி காடு. நல்ல சாப்பாட்டுக்குச் சென்னைக்குத்தான் போகணும்."

மதியம் ஒரு மணிக்கு ஒரகடம் சந்திப்பில் நின்று பார்த்தால் இந்த நம்பிக்கை சரியென்றே தோன்றும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்கிற அந்த இடத்தில் வெயிலும் டிரெய்லர்களும் புழுதியும்தான் கண்ணில் படும். இவ்வளவு பேர் வேலை செய்கிற ஊரில் சாப்பாட்டு வேளைக்குத் தெருவில் ஆளே இல்லையே என்று இருக்கும்.

ஆள் உள்ளே இருக்கிறார்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 46ஆம் பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலைக்குள் கேன்டீன் நடத்தச் சொல்லியது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ வெளியே வந்ததிலிருந்து, ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று எது வந்தாலும் அதனுடன் ஒரு பெரிய சமையல்கூடமும் உள்ளே வந்தது. அதனால் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் என்று ஒன்று இங்கே தெருவுக்கு வருவதே இல்லை. தி.நகரிலோ பாரிமுனையிலோ ஒரு மணிக்கு எந்த மெஸ்ஸில் வரிசை நிற்கிறது என்று பார்த்து நுழையலாம். இங்கே ஒரு மணிக்குத் திறந்திருக்கும் கடைகளில் பாதி, உங்களைப் போல வந்துபோகிறவர்களுக்காகவே இருப்பவை. நீங்கள் மறுபடி வரமாட்டீர்கள் என்பது கல்லாவில் இருப்பவருக்குத் தெரியும். சாம்பாருக்கும் அது தெரியும்.

தெரு சமைப்பது ஷிப்ட் கடிகாரத்துக்கு. பல ஆலைகளில் காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்பதுதான் கணக்கு. சில இடங்களில் அரை மணி முன்னே பின்னே இருக்கும். விடிகாலை நாலரைக்கு அடுப்பு மூட்டி, கம்பெனி பஸ் வருவதற்குள் இட்லி, பொங்கல், வடகறி என்று விற்றுத் தீர்த்துவிட்டு ஏழரைக்குக் கடையைக் கழுவிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எட்டரைக்குக் குளித்துவிட்டு இறங்குகிற லாட்ஜ்வாசி பார்ப்பது சாத்தின கதவை. பத்து மணிக்கு மேல் தள்ளுவண்டியில் கேழ்வரகுக் கூழ். கடித்துக்கொள்ள மோர் மிளகாய், மாங்காய், கேட்டால் கருவாடு. சித்தாள்களும் ஷேர் ஆட்டோக்காரர்களும் குடித்து முடிக்க, வெயில் ஏறுவதற்குள் பானை காலி. இரண்டு மணி ஷிப்ட் விட்டதும் ஒரு சுற்று. சாயங்காலம் தோசைக்கல் பரோட்டாக்கல்லாக மாறும். இரவு பத்தேகாலுக்கு அடுத்த சுற்று, அதுதான் பெரியது.

அந்த நேரத்தில் ஒரு கடையின் கல்லுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். மாஸ்டர் முன்னால் இருபது இருபத்தைந்து மாவு உருண்டைகள் எண்ணெயில் மினுங்கிக்கொண்டிருக்கும். பஸ் திரும்புகிற ஹாரன் கேட்டதும், ஆள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே வீச ஆரம்பித்துவிடுவார். நீல யூனிஃபார்ம் வந்தால் எத்தனை பரோட்டா, சாம்பல் நிறம் வந்தால் எத்தனை முட்டை, எந்தப் பையனுக்குச் சால்னாவில் காரம் ஆகாது என்பதெல்லாம் கணக்கு. மாதச் சம்பளம் வாங்குகிறவன் முப்பது நாளும் வருவான். ஒரு நாள் சால்னா ஊசினால் மறுநாள் எதிர்க்கடைக்குப் போய்விடுவான். ருசிக்கு இதைவிட நல்ல உத்தரவாதம் எனக்குத் தெரிந்து இல்லை.

"கூட்டம் இருந்தால் நல்ல கடை."

மேலே சொன்னதையே வைத்து இப்படி முடிவுகட்டிவிட வேண்டாம். பஸ் நிறுத்தத்தை ஒட்டிய கடையில் பத்தேகாலுக்கு வருகிற கூட்டம் பஸ்ஸினுடையது, கடையினுடையது இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பஸ் ஓடாத நேரத்தில், பைக்கில் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து இறங்குகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

"லாரி நிற்கிற இடத்தில் சாப்பாடு நன்றாக இருக்கும்."

நெடுஞ்சாலைப் பழமொழி. ஆனால் லாரி நிற்பது முதலில் இடத்துக்காக. இங்கே நிற்கிற டிரெய்லர்கள் பாதிக்கு மேல் ஆலை வாசலில் டோக்கன் கூப்பிடுவதற்காகக் காத்திருப்பவை. டிரைவர் அசைய முடியாமல் நிற்கிறார் என்பதற்காக எதிர்க் கடையின் ரசத்துக்கு நற்சான்று கொடுக்க முடியாது. சக்கரங்களுக்கு நடுவே எட்டிப் பாருங்கள்: சின்ன ஸ்டவ், குக்கர், அலுமினியத் தட்டில் பிசைந்த கோதுமை மாவு. ராஜஸ்தானிலிருந்து கார் ஏற்ற வந்த ஒருவர், டயரில் சாய்ந்துகொண்டு ரொட்டி சுட்டு, பச்சை மிளகாயும் வெங்காயமும் வைத்து எனக்கும் ஒன்று நீட்டினார். லாரி நிற்கிற இடத்தில் சாப்பாடு நன்றாக இருந்த ஒரே சந்தர்ப்பம் என் அனுபவத்தில் அதுதான்.

தொலைதூர பஸ்கள் நிற்கிற 'மோட்டல்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் அங்கே என்ன சலுகை என்பது பஸ்ஸில் போகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"போர்டில் ஆம்பூர் பிரியாணி என்று போட்டிருக்கிறது."

ஆம்பூர் இங்கிருந்து ராணிப்பேட்டை, வேலூர் மாவட்டங்களைத் தாண்டித் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. பெங்களூரு நெடுஞ்சாலையில் அந்தப் பேரை மாட்டாத கடையைத் தேடத்தான் வேண்டும். போர்டை விட்டுவிட்டு மூன்று கேள்வி கேட்கலாம். அரிசி சீரகச் சம்பாவா? கூட வருவது கத்திரிக்காய்ப் பச்சடியா, வெறும் வெங்காயமா? தம் எத்தனை மணிக்கு உடைத்தீர்கள்? "எப்ப வேணா கிடைக்கும் சார்" என்று பதில் வந்தால் தோசை சொல்லிவிடுங்கள்.

காஞ்சிபுரம் இட்லி கதையும் இதே. அசல் அது வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதம்: மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் சேர்த்த மாவை, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஊற்றி வெகு நேரம் வேகவைப்பது. இலை வாசனை ஏறாமல் அது வராது. இட்லித் தட்டில் வார்த்து மிளகைத் தூவினதும் நல்ல டிபன்தான், வேறு டிபன். காஞ்சிபுரம் இங்கிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். ஒரு லீவு நாளில் போய்விட்டே வரலாம்.

"இந்தி போர்டு என்றால் சப்பாத்தி, பனீர்."

வல்லம் பக்கத்துச் சந்துகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் பையன்கள் சாப்பிடுகிற மெஸ்களுக்குள் போனால் பனீரைக் காணமுடியாது. இவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலவே சோற்றுக்காரர்கள். குவித்த சோறு, தண்ணியான பருப்பு, கடுகெண்ணெய் விட்டுப் பச்சை மிளகாயோடு பிசைந்த உருளைக்கிழங்கு, கிடைத்த நாளில் மீன் குழம்பு. மீனுக்கு இங்கே பஞ்சமில்லை; ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் செம்பரம்பாக்கமும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரு மெஸ்ஸில் காலையில் பையன் ஒருவன் தண்ணீர் ஊற்றிய சோற்றை வெங்காயத்தோடு சாப்பிடுவதைப் பார்த்து, "இது எங்க பழைய சோறுல்ல தம்பி" என்றேன். "பகாள், அண்ணே" என்றான். ஒடிசாவில் மார்ச் 20ஆம் தேதியை இந்தச் சோற்றுக்கென்றே கொண்டாடுகிறார்கள். நாம் இன்னும் அதை விருந்தாளிக்குத் தெரியாமல் சாப்பிடுகிறோம்.

"கொரிய ஓட்டல் நமக்கில்லை; அது சீரியல் பார்த்து வந்த ஃபேஷன்."

கொரிய சீரியல் நம் வீட்டுப் பிள்ளைகளின் போனுக்குள் வருவதற்கு வெகு காலம் முன்பே கிம்ச்சி இந்தப் பக்கம் வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தது கார். ஹூண்டாயின் பின்னாலேயே அதற்கு உதிரிபாகம் செய்கிற கொரியக் கம்பெனிகள் வந்தன. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த இன்ஜினியர்களுக்காக அடுப்புகள் வந்தன. ஆகவே இங்கே இருக்கிற கொரியக் கடைகளில் பல, கொரியர்கள் தங்களுக்காகச் சமைத்துக்கொள்கிற இடங்கள். ஷிப்ட் கடைக்குப் பொருந்துகிற அதே விதி இவற்றுக்கும் பொருந்தும்: ஊர்க்காரன் தினம் வந்து சாப்பிடுகிற கடை.

உள்ளே போகிறவர்கள் செய்கிற தவறு இரண்டு. சொன்ன சாப்பாட்டுக்கு முன்னால் ஆறேழு குட்டித் தட்டுகள் வரும்: கிம்ச்சி, கீரை, முளைப்பயறு, கருவாட்டுப் பொடி மாதிரி ஒன்று. பில்லில் ஏறிவிடுமோ என்று தொடாமல் வைத்திருந்த தமிழர்களை எனக்குத் தெரியும், என்னையும் சேர்த்து. அதற்குப் பேர் பஞ்சான். தனிக் காசு கிடையாது, தீர்ந்தால் மறுபடி கேட்கலாம். முழுச் சாப்பாட்டில் பொரியலைக் கேட்டு வாங்குவதில்லையா, அப்படித்தான். இன்னொரு தவறு சைவர்கள் செய்வது: "முட்டைக்கோஸ்தானே" என்று கிம்ச்சியை எடுத்துக்கொள்வார்கள். வழக்கமான கிம்ச்சியில் மீன் சாறோ உப்பிட்ட சென்னாக்குனியோ சேர்ப்பார்கள். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். விலையைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். ஒரு ஆள் சாப்பாட்டுக் காசில் மெஸ்ஸில் நாலு நாள் ஓட்டலாம்.

"ஏசி, கண்ணாடிக் கதவு என்றால் சுத்தம், தெருக்கடை என்றால் வயிற்றுப்போக்கு."

இந்தப் பகுதியில் உணவு நஞ்சாகிப் பெரிய செய்தியானது தெருக்கடையில் இல்லை. 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் செய்கிற ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றின் சாப்பாட்டால் 150 பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகளுக்கு என்ன ஆனதென்று தெரியாமல் மற்ற பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டு ஜனவரியில்தான் திறந்தது. விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு இல்லையென்று ஆப்பிள் நிறுவனமே சொன்னது. அதற்குப் பிறகு, அந்த ஆலைப் பெண்களுக்காக வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்குகிற விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

கண்ணாடிக் கதவைவிட உபயோகமான அடையாளங்கள் உண்டு. கல்லாவுக்குப் பக்கத்தில் 14 இலக்க எண் மாட்டியிருக்க வேண்டும்: உணவுப் பாதுகாப்புத் துறையுடையது. ஒன்றில் தொடங்கினால் உரிமம், இரண்டில் தொடங்கினால் சின்னக் கடைக்கான பதிவு, இரண்டுமே சரி. எண்ணெய்ச் சட்டியைப் பாருங்கள். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் சேர்கிற வேண்டாத பொருளுக்கு 25 சதவீதம் என்று 2018இலிருந்து எல்லை வைத்திருக்கிறார்கள். அதை அளக்கக் கருவி வேண்டும். ஆனால் பிசின் மாதிரி ஓரம் கட்டின, வடை போட்டதும் சோப்பு நுரையாகப் பொங்குகிற எண்ணெயைக் கண்டுகொள்ளக் கண் போதும். கடைசியாக, மிச்சம். அரை மணிக்குள் விற்றுத் தீர்கிற கையேந்தி பவனின் இட்லிக்குக் கெட்டுப்போக நேரமில்லை.

"போனில் ஐந்து நட்சத்திரம்."

நட்சத்திரம் போடுகிறவர் யார்? லாட்ஜில் தங்கி, ஏசியில் சாப்பிட்டு, பில்லைக் கம்பெனிக்கு அனுப்புகிற ஆள். பத்து மணி ஷிப்ட் முடித்து வருகிற பெண் கொத்து பரோட்டாவுக்கு நட்சத்திரம் போட்டு நான் பார்த்ததில்லை. நல்ல கடை பலதுக்குப் போர்டே கிடையாது. 'அக்கா கடை', 'டேங்க் எதிர்க்கடை' என்பதைத் தட்டினால் போனுக்கு ஒன்றும் விளங்காது.

அதனால் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும், கேட்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கேட்டில் நிற்கிற செக்யூரிட்டியிடம் "இங்கே நல்ல ஓட்டல் எதுண்ணே?" என்றால், உங்கள் சட்டையையும் அடையாள அட்டையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏசி கடையைக் கை காட்டுவார். மரியாதைக்கு. "நேத்து நீங்க எங்க சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் முதலில் சிரிப்பார். பிறகு, "அது உங்களுக்குச் சரிப்படாது சார்" என்பார். விடாமல் நின்றால்தான் வழி சொல்லுவார்: சிக்னல் தாண்டி, வேப்பமரம், பக்கத்தில் பஞ்சர் கடை.

அந்தக் கோயம்புத்தூர் நண்பர் போன மாதம் சர்வீஸுக்காக மறுபடி வந்திருந்தார். இந்தக் கேள்வியை மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பினேன். மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குப் போன் போட்டு என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பினார். பின்னால் பஸ் ஹாரனும் பாத்திரம் கழுவுகிற சத்தமும் கேட்டன.

"வடகறி தீர்ந்து போச்சுங்களாம். நாளைக்கு அஞ்சு மணிக்கே வரச் சொல்றாங்க அந்தக்கா."