வித்துமூடியிலிகள்: சைக்கசு புகட்டும் பாடம்

வித்துண்டாக்கும் தாவரங்களை அறிஞர் இரு பெரும் பிரிவுகளாக வகுப்பர். மாவும் முருங்கையும் போன்று சூலகத்தினுள்ளே வித்தை அடக்கி வைப்பன வித்துமூடியுளிகள். சூலகமின்றி வித்தை வெளிப்படத் தாங்குவன வித்துமூடியிலிகள். இவ்வேறுபாட்டினை 1825ஆம் ஆண்டில் தெளிவுறுத்தியவர் றொபேட் பிறவுண் என்னும் தாவரவியலறிஞர். பைன், கிங்கோ, சைக்கசு முதலியன பின்னைய பிரிவைச் சார்ந்தன. இவற்றுள், எம் முற்றங்களில் அழகுக்காக நாட்டப்படுவதும் இலங்கைக் காடுகளில் இயற்கையாக வளர்வதுமாகிய சைக்கசினை ஈண்டு ஆராய்வோம்.

தூரத்தே நின்று நோக்குவார்க்குச் சைக்கசு சிறு பனைபோலத் தோன்றும். ஆயின் பனையோடு அதற்குள்ள உறவு மிகச் சேய்மையது. கிளைத்தல் அரிதான அதன் தண்டினை உதிர்ந்த இலைகளின் அடிகள் போர்த்திருக்கும். உச்சியிலே சிறகுபோற் பிரிந்த இலைகள் முடியென அமையும். இளஞ் சீறிலைகள் பன்னத்தின் இளவிலையைப் போலச் சுருண்டிருத்தல் கருதத்தக்கது. காழிலே குழற்போலிகள் உளவேயன்றிக் கலன்கள் இல்லை. நிலமட்டத்தை நோக்கி மேலெழும் பவளம் போன்ற வேர்களில் நீலப்பச்சை நுண்ணுயிர்கள் வாழ்ந்து, வளியிலுள்ள நைதரசனைத் தாவரத்துக்கு ஏற்றதாக்கி உதவுகின்றன.

சைக்கசில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் தாவரத்தின் உச்சியில் பெரியதொரு கூம்பு தோன்றும். அதன் செதில்களின் கீழ்ப்புறத்தே மகரந்தப் பைகள் செறிந்திருக்கும். பெண் தாவரத்திலோ இறுகிய கூம்பு இல்லை. இலையை ஒத்த மாவித்தியிலைகள் உச்சியைச் சூழ்ந்து நிற்க, அவற்றின் ஓரங்களிலே சூல்வித்துக்கள் மூடப்படாது அமைந்திருக்கும்.

காற்றும் வண்டும் கொணரும் மகரந்தமணி, சூல்வித்தின் வாயிலிற் கசியும் துளியிற் படிந்து உள்ளிழுக்கப்படும். கருக்கட்டல் உடனே நிகழ்வதன்று. இடையே மாதங்கள் பல கழியும். அக்காலத்தில் மகரந்தக்குழாய் வேர்போலப் பரவி உணவை உறிஞ்சும். முடிவில் அதன் அடிப்பக்கம் வெடிக்க, சுருள்வரிசையில் ஆயிரக்கணக்கான பிசிர்களைத் தாங்கிய இரு விந்துக்கள் வெளிப்பட்டு, முட்டையை நோக்கி நீந்திச் செல்லும்.

நீந்தும் விந்து பன்னங்களின் இயல்பன்றோ? வித்தையும் தாங்கி, பன்னத்தின் பழைய வழக்கத்தையும் விடாத சைக்கசு, இரு கூட்டங்களுக்கும் இடையே பாலமாய் நிற்கின்றது. இவ்வுறவினை 1851இல் செர்மானிய அறிஞர் ஹொவ்மைஸ்ரர் தம் நூலில் நிறுவினார். கண்ணாற் கண்ட சான்று 1896இல் யப்பானிற் கிடைத்தது. தோக்கியோவிலே பல்கலைக்கழகத்தில் படம் வரையும் உதவியாளராயிருந்த ஹிராசே, கிங்கோவில் நீந்தும் விந்தினைக் கண்டார். அவருக்குத் துணைநின்ற இக்கெனோ அதே ஆண்டிற் சைக்கசிலும் அதனைக் கண்டார். ஹிராசே பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். மறு ஆண்டே அப்பணி நீங்கிப் பாடசாலை ஆசிரியரானார். 1912இல் யப்பானியக் கல்விக்கழகத்தின் உயர்பரிசு இருவர்க்கும் வழங்கப்பட்டது. ஹிராசேக்கு இல்லாத பரிசு தமக்கும் வேண்டாவென இக்கெனோ மறுத்ததனாலேயே இது கைகூடிற்று என்பர்.

பட்டமன்று, பொறுமையோடு நோக்கும் கண்ணே அவ்வுதவியாளரை உயர்த்தியது. உலகில் மிக அருகிவரும் தாவரக் கூட்டங்களுள் சைக்கசினமும் இன்று ஒன்றாகும். ஆதலின் மாணவர்காள், வித்துமூடியிலிகளின் இலக்கணத்தைப் பரீட்சைக்கென மனனஞ் செய்வதோடு அமையாது, முற்றத்துச் சைக்கசின் அருகே ஒருமுறை நின்று நோக்குமின். நூலிற் கண்டவை யாவும் ஆண்டு உயிரோடு நிற்கக் காண்பீர்கள்.