கால் அசதிக்கும் நரம்புச் சுருளுக்கும் ஒரு பூச்சு எண்ணெய்



நம் அறக்கட்டளையின் தையல் வகுப்புக்கு வரும் சகோதரிகள் அடிக்கடி கேட்பது இதுதான்: "பாய், சாயங்காலம் ஆனா கால் ரெண்டும் கட்டையா கனக்குது. பூச ஏதாவது சொல்லுங்க." நம் வட்டாரத்தில் இது வியப்பல்ல. பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போவோர் நாள் முழுக்கத் தரையில் காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். அச்சகத்திலும் ஜவுளிக்கடையிலும் இருப்பவர்கள் நின்றபடியே நாளைக் கழிக்கிறார்கள்.

நாம் 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்று சொன்னாலும் சுருண்டிருப்பது நரம்பு அல்ல, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு போகும் சிரை. அதற்குள் சிறு கதவுகள் போல வால்வுகள் உண்டு. கெண்டைச்சதை சுருங்கும்போது இரத்தம் மேலே ஏறும், வால்வு மூடி அதைக் கீழே இறங்காமல் தடுக்கும். சதை அசையாமல் பல மணி நேரம் நின்றாலோ உட்கார்ந்தாலோ இரத்தம் காலிலேயே தேங்குகிறது. நாளடைவில் வால்வு தளர்ந்து, குழாய் புடைத்து நீலமாக நெளிகிறது. கர்ப்ப காலமும் உடல் பருமனும் இதைக் கூட்டும். குடும்ப வாகும் உண்டு.

தளர்ந்த வால்வை எந்த எண்ணெயும் இறுக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வல்லாரையின் சத்தை மாத்திரையாகக் கொடுத்து, சிரைக் கோளாறால் வரும் வீக்கத்துக்கு வெளிநாடுகளில் ஆய்வு செய்திருக்கிறார்கள். ஆனால் மாத்திரை வேறு, வீட்டில் காய்ச்சும் எண்ணெய் வேறு. எண்ணெய் செய்வது, வறண்டு அரிக்கும் தோலைப் பதமாக்குவதும், நீவுவதால் அசதியைக் குறைப்பதும்தான். உழைத்துத் திரும்பும் காலுக்கு அதுவும் ஓர் ஆறுதல்.

முன்பு ஒரு முறை சோற்றுக்கற்றாழையைத் தண்ணீர் விட்டு அடித்து, 'லோஷன்' என்று குப்பியில் ஊற்றிக் கொடுத்தோம். பத்தே நாளில் பூஞ்சை பூத்துவிட்டது. தவறு எங்களுடையது. தண்ணீர் சேர்ந்த எதுவும் பதன மருந்து இல்லாமல் வெளியே நிற்காது. அதனால்தான் இப்போது தைலமாகக் காய்ச்சச் சொல்கிறோம்.

நல்லெண்ணெய் 250 மி.லி. எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வாணிபத்துக்குப் பேர் பெற்ற விருதுநகரில் நல்ல எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. வல்லாரை நம் கரிசலில் எளிதில் முளைக்காது, சந்தையில் கட்டாக வாங்க வேண்டும். கழுவி அரைத்துப் பிழிந்த சாறு 100 மி.லி. வேலியோர நொச்சி இலை ஒரு கைப்பிடி, விழுதாக அரைத்தது. மூன்றையும் அடி கனமான, அகன்ற பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரம்பாமல் சேர்த்துச் சிறு தீயில் வையுங்கள். சாறு இருப்பதால் பொங்கும், பக்கத்தை விட்டு நகரக் கூடாது. சடசடப்பு அடங்கியதும் அடியில் உள்ள கசண்டைச் சிறிது எடுத்துத் திரியாக உருட்டித் தீயில் காட்டுங்கள். வெடிக்காமல் எரிந்தால் நீர் போய்விட்டது. இறக்கி ஆறவைத்து, ஈரமில்லாத துணியில் வடிகட்டி, ஈரமில்லாத கண்ணாடிக் குப்பியில் ஊற்றுங்கள். சிக்கு வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

பட்டாசு ஆலையிலிருந்து வந்த உடுப்போடு அடுப்பருகே போகாதீர்கள். குளித்து உடை மாற்றிய பிறகே அடுப்பு. எண்ணெயையும் வேலைக்குப் போகுமுன் பூச வேண்டாம். அலுமினியப் பொடியும் மருந்துத் தூளும் பிசுக்கில் ஒட்டிக்கொள்ளும். கற்பூரம் போடலாமா என்று நன்னிமாக்கள் கேட்கிறார்கள். குழந்தை எடுத்து விழுங்கினால் வலிப்பு வரும், அதனால் விட்டுவிட்டோம். கர்ப்பிணிகளுக்கு மூலிகை சேராத வெறும் நல்லெண்ணெய் போதும்.

இரவில், கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி மெதுவாக மேல்முகமாக நீவ வேண்டும். புடைத்த இடத்தை அழுத்தக் கூடாது. பிறகு காலைத் தலையணை மேல் உயர்த்திப் படுங்கள். எண்ணெயைவிட இந்த உயர்த்தலால்தான் பலன் அதிகம்.

ஒளு கூடுமா என்று கேட்டார்கள். தோலில் எண்ணெய்ப் பசை இருந்தாலும் தண்ணீர் தோலின் மேல் ஓடினால் ஒளு கூடும் என்பதே ஷாஃபி, ஹனஃபி இரு மத்ஹபு அறிஞர்களின் சொல். மெழுகு போல் படலமாகத் தங்குவதுதான் தடை. இதை எண்ணியே, களிம்பு கெட்டியாக வேண்டுமென்று தேன்மெழுகு சேர்ப்பதை நாம் தவிர்த்தோம்.

இனி, நீவவே கூடாத கால்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாகி, கெண்டைச்சதை வலித்தால் உள்ளே இரத்தக் கட்டி இருக்கலாம். நீவினால் அது நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகும். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் உடனே 108. கணுக்காலின் உட்புறம் கறுத்துப் புண்ணானால் எண்ணெய் வைத்து நாளைக் கடத்த வேண்டாம். சுருண்ட குழாய் உடைந்து இரத்தம் வந்தால் படுக்க வைத்து, காலை இதயத்துக்கு மேலே தூக்கி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் நிற்காவிட்டால் அப்போதும் 108தான். அழுத்த உறையைச் சர்க்கரை நோயாளிகளும் புகைபிடிப்போரும் மருத்துவரைக் கேட்காமல் மாட்டக் கூடாது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்குச் சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு.

நம் ஜமாஅத்தில் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒன்று. கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி நான்கு ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. ஆனாலும் சில கடைகளில் ஸ்டூல் கண்ணில் படவில்லை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அந்தப் பிள்ளை உட்காரட்டும். தரையில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் மணிக்கு ஒரு முறை எழுந்து, நுனிக்காலில் இருபது தடவை ஏறி இறங்குங்கள்.

எண்ணெய் காய்ச்சுவதை அடுத்த தையல் வகுப்பின் முடிவில் செய்து காட்டுகிறோம், இன்ஷா அல்லாஹ். வருபவர்கள் கழுவி வெயிலில் காயவைத்த கண்ணாடிக் குப்பி ஒன்று கொண்டு வாருங்கள்.