சாக்ரெஸ் ஆற்றங்கரைச் சிற்றூர்

அமெரிக்கக் கண்டங்கள் இரண்டையும் இணைக்கும் ஒடுங்கிய நிலத்தில் அமைந்த நாடு பனாமா. 1914ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கால்வாயினால் அதன் பெயரை உலகம் நன்கறியும். அக்கால்வாய்க்கு நீரூட்டும் ஆறுகளுள் தலையாயது சாக்ரெஸ். அதன் கரையில், அடர்ந்த மழைக்காட்டினுள், எம்பெரா என்னும் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் சில உள்ளன. அவற்றுள் பராரா புரு என்னும் ஊருக்கு ஒரு நாள் சென்று வருவோம், வாருங்கள்.

பனாமா நகரிலிருந்து காலையில் வண்டியேறினால், ஆற்றை மறித்து 1935ஆம் ஆண்டில் கட்டிய அணையால் உண்டான அலஹுவேலா ஏரியை அடையலாம். அங்கே ஓடம் காத்திருக்கும். பெருமரம் ஒன்றைக் குடைந்து செய்த நீண்ட ஓடம் அது. பின்புறத்தில் விசைப்பொறி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். முன்புறத்தில் இளைஞர் ஒருவர் கழியுடன் நின்று வழிகாட்டுவார். மழை குறைந்த மாதங்களில் ஓடம் தரை தட்டினால், அவரே இறங்கித் தள்ளுவார்.

ஊரில் வீடுகள் உயர்ந்த கால்களின்மேல் நிற்கின்றன. கூரை பனையோலையால் வேய்ந்தது. சுவர்கள் பெரும்பாலும் இல்லை. படிகள் வெட்டிய ஒற்றை மரமே ஏணி. இரவில் அதனைப் புரட்டி வைத்துவிட்டால், "இனி யாரும் ஏற வேண்டா" என்பது பொருள்! ஆற்றுமீனும் வாழைக்காய் வறுவலும் இலையில் மடித்துத் தரப்படுகின்றன. ஹகுவா என்னும் காயின் சாற்றால் நம் கையில் கோலம் எழுதுகின்றனர். எழுதும்பொழுது நிறமற்றுத் தோன்றும் அச்சாறு, சில மணி நேரத்தில் கருநீலமாக மாறி, பத்து நாள் வரை அழியாது நிற்கும். பெண்டிர் பனைநாரில் கூடை முடைகின்றனர். நீரும் கசியாத அளவுக்கு நெருங்கப் பின்னிய கூடைகள் உண்டு; பெரிய கூடை ஒன்று முடியப் பல மாதங்கள் செல்லும்.

இம்மக்கள் தாரியன் காட்டிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்குக் குடிபெயர்ந்தவர்கள். வேட்டையாடியும், காட்டைச் சிறிது திருத்தி வாழையும் சோளமும் பயிரிட்டும் வாழ்ந்தனர். 1980களின் நடுவில் அரசு இக்காட்டைத் தேசியப் பூங்காவாக்கியது. வேட்டை தடுக்கப்பட்டது, உழவும் சுருங்கியது. காரணம் இல்லாமல் இல்லை. ஒரு கப்பல் கால்வாயைக் கடக்கச் சுமார் 20 கோடி லிட்டர் நன்னீர் செலவாகும். மரம் வெட்டப்பட்டால் மண் கரைந்து ஏரி தூரும், நீர் குறையும். ஆயினும், உலகக் கப்பல்களுக்காக வில்லைக் கீழே வைக்கும்படி ஆனவர்கள் காட்டை அழித்தவர்கள் அல்லர் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பிழைப்புக்கு அவர்கள் கண்ட வழியே விருந்தோம்பல். பறையும் குழலும் ஒலிக்க ஆடிக் காட்டுகின்றனர். மருந்துச் செடிகளைக் காட்டி விளக்குகின்றனர். நம் முன் அரைக்கச்சையும் மணிமாலையும் அணிந்து நிற்பவர், நகருக்குச் செல்லும்போது காற்சட்டையும் மேற்சட்டையுமே அணிவார். "இது வெறும் நடிப்பு" என்று சிலர் குறை கூறுவர். அக்கூற்று முழுதும் சரியன்று. பயணிகள் விரும்பிக் கேட்பதனால் இளைஞர் அவ்வாட்டத்தைக் கற்கின்றனர்; சிறுமியர் கூடை முடையத் தாயின் அருகில் அமர்கின்றனர்.

ஆனால், பிறர் வருகையை நம்பிய வாழ்வு எளிதில் தளரும். 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது ஓடங்கள் கரையிலேயே கிடந்தன. காடு எதிரே பசுமையாய் நின்றது. அதில் வேட்டையாட மட்டும் அவர்களுக்கு உரிமையில்லை.