நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஆடும் ஹேண்டிலோடு மல்லுக்கட்டாதீர்கள்

வேகமாகப் போகும்போது ஹேண்டில் திடீரென்று இடமும் வலமும் உதறத் தொடங்கினால் என்ன செய்ய வேண்டும்? பைக் ஓட்டும் பத்துப் பேரைக் கேட்டால் பெரும்பாலானோர் சொல்லும் பதில் இதுதான்: “இறுக்கிப் பிடி, பிரேக்கை அடி.” இந்த ஆட்டத்தை வாபிள் என்கிறார்கள். அது முற்றி, டேங்கில் அறைவதுபோல் ஹேண்டில் இரண்டு பக்கமும் கடைசிவரை அடித்துக்கொண்டால் டேங்க் ஸ்லாப்பர். மேலே சொன்ன பதிலில் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. வண்டி வழிதவறுகிறது, கைப்பலத்தால் அதை வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்ற எண்ணம் அது. வாபிள் என்பது வழிதவறல் அல்ல, ஓர் அதிர்வு. அதிர்வை அடக்கும் முறை வேறு. அது தெரியாததால்தான் தானாக அடங்கியிருக்கக்கூடிய ஆட்டமும் சில நேரம் கீழே விழுவதில் முடிகிறது.

ஃபோர்க்கின் சாய்வினால், ஸ்டீயரிங் சுழலும் அச்சைக் கீழ்நோக்கி நீட்டினால் அது தரையைத் தொடும் இடத்துக்கு ஏறக்குறைய 10 செ.மீ. பின்னால்தான் முன்டயர் தரையைத் தொடுகிறது. ஹேண்டிலில் கை இல்லாவிட்டாலும் சக்கரம் நேராக வருவது இதனால்தான். சக்கரம் ஒரு பக்கம் திரும்பினால் தரை அதைப் பின்னால் இழுத்து நேராக்குகிறது. ஆனால் டயர் ரப்பர். சக்கரம் திரும்பியவுடன் அதன் பக்கவிசை முழுதாக வந்துவிடாது. கொஞ்ச தூரம் உருண்ட பிறகே வரும். இப்படித் தாமதமாக வரும் விசை சக்கரத்தை நேர்நிலையில் நிறுத்தாமல் மறுபக்கம் தள்ளிவிடுகிறது. அங்கிருந்து மறுபடி இந்தப் பக்கம். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால் வீச்சு கூடுவதுபோல இங்கேயும் ஆட்டம் கூடுகிறது; இங்கே தள்ளுவது வண்டியின் முன்னோக்கிய ஓட்டம். 1971இல் பிரிட்டன் பொறியாளர் ராபின் ஷார்ப் வெளியிட்ட கணித ஆய்வு, இருசக்கர வண்டியின் நிலையின்மைகளை மூன்றாகப் பிரித்துக் காட்டியது. வண்டி மெல்லச் சாய்ந்து விழுவது ஒன்று. முழு வண்டியும் பாம்புபோல நெளியும் வீவ் இன்னொன்று. இது நொடிக்கு இரண்டு முதல் நான்கு முறை வரை நெளியும். மூன்றாவது, முன்பாகம் மட்டும் உதறும் வாபிள். இது நொடிக்கு நான்கு முதல் பத்து முறை வரை ஆடும்.

கையின் கதை இந்த எண்ணிக்கையிலேயே முடிந்துவிடுகிறது. நொடிக்கு எட்டு முறை ஆடும் ஹேண்டில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக எடுத்துக்கொள்வது 0.06 நொடி. கை உணர்ந்து, மூளை ஆணையிட்டு, தசை அசைய அதைப்போல இரண்டு மூன்று மடங்கு நேரம் ஆகும். ஹேண்டில் இடப்பக்கம் போனதைக் கண்டு வலப்பக்கம் தள்ள நினைக்கிறீர்கள்; உங்கள் தள்ளல் வந்து சேரும்போது ஹேண்டில் ஏற்கெனவே வலப்பக்கம் போய்க்கொண்டிருக்கலாம். அடக்க நினைத்த கையே அதிர்வுக்குத் தீனி போடுகிறது. முழங்கையை விறைத்து, உடல் எடையை ஹேண்டில்மேல் போட்டால் இன்னொன்றும் நடக்கும்: உங்கள் உடல் குலுங்கும் குலுக்கலெல்லாம் நேராக ஸ்டீயரிங்குக்குப் போகும். “நான் பிடித்தேன், நின்றதே!” என்று கேட்பவர் உண்டு. அவர் சொல்வதும் பொய்யல்ல. வேகம் குறைந்து வரும்போது கையை விட்டால் மணிக்கு 60, 70 கி.மீ. வாக்கில் லேசாக உதறும் வண்டிகள் பல. கை வைத்ததும் அது நின்றுவிடும். அங்கே வேலை செய்வது கையின் முரட்டுப் பிடி அல்ல. தசையும் தோலும் சேர்ந்த அதன் மென்மை, அதிர்வை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே கையை எடுக்கவும் வேண்டாம், இறுக்கவும் வேண்டாம். முழங்காலால் டேங்கைக் கவ்வி, முதுகைத் தாழ்த்தி, எடையை முன்னுக்குக் கொண்டுவந்து, முழங்கையைத் தளர்வாக வைத்திருங்கள்.

பிரேக் பற்றிய நம்பிக்கைதான் உயிரோடு விளையாடுகிறது. லைம்பியர், ஷார்ப், எவாஞ்சலு ஆகிய மூவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாக எடுத்துக்கொண்டது. பிரேக் போடும்போதும், இறக்கத்தில் இறங்கும்போதும் வாபிளைத் தணிக்கும் தன்மை வெகுவாகக் குறைகிறது. முடுக்கும்போதும் ஏற்றத்தில் ஏறும்போதும் அது கூடுகிறது என்று அந்தக் கணக்கு காட்டியது. ஆடிக்கொண்டிருக்கும்போது முன்பிரேக்கைப் பிடிப்பது ஆட்டத்தை வளர்க்கிற செயல் என்பதில் ஐயமே இல்லை. அப்படியானால் “ஆக்சிலரேட்டரை முறுக்கினால் நிற்கும்” என்று சிலர் சொல்வது சரியா? பாதி சரி. கணக்கு அவர்கள் பக்கம்தான் பேசுகிறது. ஆனால் சாலையில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் பைக்கில் டேங்க் ஸ்லாப்பர் பிறப்பதே பெரும்பாலும் முறுக்கலில்தான். மேடு பள்ளத்தில் வேகமெடுக்கும்போது முன்சக்கரம் இலேசாகித் தரையை விடுகிறது, சற்றுக் கோணலாகத் திரும்பித் தரையிறங்குகிறது, உதறல் தொடங்குகிறது. அந்த நேரத்தில் மேலும் முறுக்கினால் முன்சக்கரம் மறுபடி இலேசாகும், வேகமும் ஏறும், எதிரே லாரி நிற்கும். பந்தயத் தடத்தில் முன்னே காலியிடம் உண்டு. சாலையில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. ஆக்சிலரேட்டரைப் படாரென்று மூடாமல், கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, வேகம் தானாக இறங்கவிடுவதே சாலைக்கு ஏற்ற வழி.

“ஸ்டீயரிங் டேம்பர் மாட்டினால் கவலையே இல்லை” என்பது கடைகளில் அதிகம் கேட்கும் பேச்சு. ஹேண்டிலின் ஆட்டத்தைத் தணிக்கும் கருவி அது. 1997இல் வந்த சுசூகி டிஎல்1000எஸ் இதற்கு நல்ல பாடம். முன்பாகம் உதறுகிறது என்ற புகார்களுக்குப் பிறகு அந்நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைத்து ஸ்டீயரிங் டேம்பர் மாட்டிக்கொடுத்தது. டேம்பர் உதவும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் டேம்பர் வாபிளைத் தணிக்கிறதே தவிர வீவைத் தணிப்பதில்லை. மிகக் கடினமாக வைத்தால் அதிவேகத்தில் வீவைக் கூட்டவும் கூடும். ஊர்வேகத்தில் ஹேண்டில் கனத்து, வளைந்து ஓட்டவே சிரமமாகும். 2004இல் ஹோண்டா சிபிஆர்1000ஆர்ஆரில் மெதுவான ஓட்டத்தில் இளகியும் வேகத்தில் இறுகியும் வேலை செய்யும் மின்னணு டேம்பரைக் கொண்டுவந்தது இந்தச் சிக்கலுக்காகத்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, தேய்ந்த பேரிங்கையும் டயரையும் டேம்பர் மறைத்து வைக்கும். நோய் உள்ளேயே வளரும்.

அந்த நோயைத் தேட பெரிய கருவி எதுவும் வேண்டாம். முன்சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி, ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெல்லத் திருப்பிப் பாருங்கள். நடுவில் வந்ததும் சிறு பள்ளத்தில் விழுந்து நிற்பதுபோல ‘டக்’கென்று பிடித்தால், மெக்கானிக்குகள் கோன் செட் என்று சொல்லும் ஸ்டீயரிங் பேரிங் போய்விட்டது. அடுத்து ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் கோன் செட் தளர்ந்திருக்கிறது. இளம் ஓட்டுநர்கள் பலர் டயர், சைலன்சர், ஸ்டிக்கர் என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள். கோன் செட்டை இறுக்க மறந்துவிடுகிறார்கள். டயரின் மேற்பரப்பில் மேடும் பள்ளமுமாகத் தேய்மானம் இருக்கிறதா, சக்கரத்தின் பேலன்ஸ் எடை விழுந்துவிட்டதா, காற்று வண்டியின் ஸ்டிக்கரில் சொன்ன அளவில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பின்னால் பெரிய பெட்டியும் கனமான பையும் ஏற்றினால் முன்சக்கரத்தின் பாரம் குறையும். நெளிவு எளிதில் வரும். விலை உயர்ந்த வண்டிக்கு இதெல்லாம் வராது, 200 கி.மீ. வேகத்தில்தான் வரும் என்ற எண்ணங்களை விட்டுவிடுங்கள். மிதமான வேகத்திலேயே உதறும் வண்டிகள் உண்டு.

ஆட்டம் நின்ற பிறகும் ஒரு வேலை பாக்கி. டேங்க் ஸ்லாப்பரின் குலுக்கலில் டிஸ்க் தட்டு, பிரேக் பேடுகளை உள்ளே தள்ளிவிட்டிருக்கலாம். அடுத்த முறை பிடிக்கும்போது லீவர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் ஹேண்டில்வரை வந்துவிடும். வேகம் இறங்கி வண்டி நேரானதும் முன்பிரேக் லீவரை மெல்ல இரண்டு மூன்று முறை அழுத்திப் பாருங்கள். பிடி திரும்ப வந்த பிறகு ஓரமாக நிறுத்துங்கள். கோன் செட்டைப் பார்க்காமல் அந்த வண்டியை மறுபடி நெடுஞ்சாலைக்கு எடுக்காதீர்கள்.