நெல்லுக்கு நீர் எப்போது? குழாய் காட்டும்

பண்ருட்டியை அடுத்த திருவதிகையில் கெடிலக் கரை வயல்களில் நெல்லும் கரும்பும் பயிராகின்றன. கெடிலம் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறன்று. ஆகவே கிணற்று நீரே இங்குள்ள சிறு விவசாயிக்குத் துணை.

அந்நீரும் ஆழத்திற்குப் போய்க்கொண்டிருக்கிறது. நெய்வேலி வட்டாரத்தில் ஒரு காலத்தில் குழாய் இறக்கினால் நீர் தானாகப் பொங்கி வழிந்தது. 1961ஆம் ஆண்டில் அங்கு பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. படுகைக்கு அடியில் அழுத்தத்துடன் நிற்கும் நீர் சுரங்கத்தினுள் பீறிட்டு எழாதிருக்க, அது இரவு பகலாக இறைக்கப்பட்டு வருகிறது. விவசாயிகளின் ஆழ்குழாய்க் கிணறுகளும் பெருகிவிட்டன. சுரங்கத்தின் இறைப்பைத் தனி விவசாயி குறைக்க இயலாது. தம் வயலுக்கான இறைப்பைக் குறைக்க இயலும். மீண்டும் ஆழப்படுத்தக் கடன் வாங்குவதைவிட இது மேலானது.

ஒரு கிலோ நெல் விளைய, மழையும் பாசனமும் சேர்த்துச் சராசரியாக 2,500 லிட்டர் நீர் வயலுக்குச் செல்கிறது. இதில் பெரும்பகுதியைப் பயிர் உண்பதில்லை. அது மண்ணில் இறங்கியும் ஆவியாகியும் போகிறது. நெல் நீரைத் தாங்கும் பயிரே தவிர, எந்நேரமும் நீரில் நிற்க வேண்டிய பயிரன்று. 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று நம் விவசாயிகள் கூறும் முறை இதற்கு ஏற்றது. எவ்வளவு காயவிடலாம் என்பதை ஒரு குழாய் காட்டிவிடும்.

குழாய் அமைக்கும் முறை

30 செ.மீ. நீளமும் 10 முதல் 15 செ.மீ. விட்டமும் உள்ள பிளாஸ்டிக் குழாய் அல்லது மூங்கில் போதும். அடிப்பாதியில் சுற்றிலும் துளையிட வேண்டும். வரப்பை ஒட்டி, மேடும் பள்ளமும் இல்லாத இடத்தில், 15 செ.மீ. மண்ணுக்கு மேல் தெரியும்படி இறக்கி, உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும்.

பாய்ச்சும் முறை

1. நட்ட இரண்டு வாரம் வரை வயலில் நீர் நிற்கட்டும். களை மிகுந்த வயலில் மேலும் ஒரு வாரம் நிறுத்தலாம்.

2. பிறகு குழாயினுள் நீர்மட்டம் மண் மட்டத்திற்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும், 5 செ.மீ. உயரத்திற்கு நீர் பாய்ச்ச வேண்டும். வயலின் மேற்பரப்பு காய்ந்து தோன்றினாலும் வேருக்கு ஈரம் கிடைத்துக்கொண்டிருக்கும்.

3. பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, பூத்து ஒரு வாரம் வரை 5 செ.மீ. நீர் குறையலாகாது. இக்காலத்தில் காயவிட்டால் பதர் மிகும்.

4. தழைச்சத்து மேலுரத்தை நீர் வற்றிய நிலையில் இட்டு, உடனே பாய்ச்ச வேண்டும்.

மணற்பாங்கான நிலத்தில் நீர் விரைவில் இறங்குமாதலால் குழாயை நாள்தோறும் பார்ப்பது அவசியம். முதல் பருவத்தில் ஒரு வயலில் மட்டும் செய்து பார்ப்பது நலம்.

முறைப்படி செய்தால் மகசூல் குறையாமல் பாசன நீர் மிச்சமாகும். நீர் தேங்கிய சேற்றில் உண்டாகி, புவி வெப்பத்தை உயர்த்தும் மீத்தேன் வாயுவும் குறையும்.

மோட்டாருக்கு மின்சாரம் இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக நீர் செலவற்றதாகிவிடாது. ஒருவர் மிச்சப்படுத்தும் நீரை அடுத்த கிணறு இறைத்துவிடக் கூடும். ஆகவே பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்து குழாய் வைப்பதே முழுப் பயன் தரும்.