எழுத்தின் வழியே பல்கேரியா

நுழையும்முன்

ஒரு நாட்டின் கோட்டைகள் இடியலாம். அரசு அயலவர் கைக்கு மாறலாம். அதன்பின்னும் அந்நாட்டு மக்கள் தம்மை இன்னாரென்று சொல்லிக்கொள்ள எது துணைநிற்கிறது? ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் ஒட்டோமன் பேரரசின்கீழ் இருந்த பல்கேரியா இவ்வினாவுக்குத் தரும் விடை அதன் மலைச்சாலைகள் நெடுகிலும் கிடக்கிறது. வழிகாட்டி ஒருவருடன் அச்சாலைகளில் செல்லும் பயணமாக இப்பாடம் அமைகிறது.

தலையசைப்பும் பெயர்ப்பலகையும்

பல்கேரியா தென்கிழக்கு ஐரோப்பாவில் உள்ளது. அதன் வட எல்லையில் தன்யூப் ஆறு ஓடுகிறது. கிழக்கே கருங்கடல் விரிகிறது. தலைநகர் சோபியாவிலிருந்து புறப்படும் வண்டியில் வழிகாட்டி முதலில் கற்றுத்தருவது ஒரு தலையசைப்பை. பல்கேரியர் ‘ஆம்’ என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவர். ‘இல்லை’ என்பதற்கு மேலும் கீழுமாக அசைப்பர். பிற ஐரோப்பியரைத் திண்டாடவைக்கும் இவ்வழக்கம், தலையை ஆட்டி இசைவு சொல்லும் நமக்கு அவ்வளவு புதிதன்று.

அடுத்து அவர் சாலையோரப் பெயர்ப்பலகைகளைச் சுட்டுகிறார். அவற்றில் இருப்பவை சிரில்லிக் எழுத்துகள். உருசிய எழுத்து என்று பலரும் எண்ணும் இவ்வரிவடிவம் உருப்பெற்றது பல்கேரிய மண்ணில்தான். நாம் செல்லும் வழி, அவ்வெழுத்தின் தொன்மையை நோக்கிப் பின்னோக்கிச் செல்லும் வழி.

சோபியாவின் புறநகரில், மலையடிவாரத்து மரங்களுக்கிடையே போயானா தேவாலயம் நிற்கிறது. உருவில் மிகச் சிறியது. உள்ளே 1259ஆம் ஆண்டில் தீட்டப்பெற்ற சுவரோவியங்கள் உள்ளன. கொடையாளர் கலோயனும் அவர் மனைவி தெசிஸ்லாவாவும் பக்கத்து வீட்டு மனிதரைப் போன்ற முகங்களுடன் நம்மைப் பார்க்கின்றனர். ஓவியங்களைக் காக்கும் பொருட்டுப் பார்வையாளர்களைச் சில நிமிடங்களே உள்ளே விடுகின்றனர்.

மலைக்குள் ஒளிந்த மொழி

தெற்கே செல்லும் சாலை ரிலா மலைக்குள் நுழைகிறது. காட்டின் நடுவே கோட்டைபோல் எழும் மதிலுக்குள் ரிலா மடாலயம் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த இவான் என்னும் துறவியின் பெயரால் எழுந்த மடம் இது. 1833இல் ஏற்பட்ட தீயில் பெரும்பகுதி அழிந்தது. நாட்டு மக்கள் கொடை திரட்டி அதனை மீண்டும் கட்டியெழுப்பினர். கறுப்பும் வெள்ளையுமாய்ப் பட்டையிட்ட வளைவுகளும் மரத்தாலான மாடங்களும் அந்த மறுகட்டுமானத்தில் உருவானவை. 14ஆம் நூற்றாண்டுக் கற்கோபுரம் மட்டும் பழைய காலத்தின் சான்றாக முற்றத்தில் நிற்கிறது.

இங்குள்ள அருங்காட்சியகத்தில் ஒரு மரச்சிலுவை உண்டு. இரபேல் என்னும் துறவி பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து, நூற்றுக்கணக்கான நுண்ணிய உருவங்களை அதில் செதுக்கினார். 1802இல் பணி முடிந்தபோது அவர் கண்பார்வையை இழந்திருந்தார் என்பர். பயணிகள் பெரும்பாலும் இச்சிலுவையின் முன்தான் கூடுகின்றனர். ஆயினும் இம்மடத்தின் பெருஞ்செல்வம் நூல்களே என்று சொல்லத் தோன்றுகிறது.

அதற்குக் காரணம் உண்டு. 1396க்குப் பின் பல்கேரிய அரசு இல்லாதொழிந்தது. ஆட்சி துருக்கியரிடம் இருந்தது. திருச்சபையோ காலப்போக்கில் கிரேக்கத் தலைமைக்கு உட்பட்டது. நகரங்களில் வழிபாடும் கல்வியும் வணிகமும் கிரேக்க மொழியில் நடந்தன. படித்தவராக மதிக்கப்பட விரும்பியோர் கிரேக்கம் பேசினர். பல்கேரியம் வீட்டிலும் வயலிலும் ஒலித்தது; எழுத்து வடிவில் அதனைக் காத்தவர்கள், மடங்களில் இருந்து ஏடுகளைப் படியெடுத்த துறவிகள். 1762இல் பைசி என்னும் துறவி பல்கேரியரின் வரலாற்றை எழுதி முடித்தார். தம் மொழியைப் பேச நாணுவோரை அந்நூலில் அவர் கடிந்துரைத்தார். அச்சகத்தின் உதவியின்றி, அந்நூல் கையால் படியெடுக்கப்பட்டே ஊர் ஊராகப் பரவியது.

மணற்பலகை வந்த தொலைவு

கிழக்கே திரும்பிய வண்டி பிளோவ்திவ் நகரைக் கடக்கிறது. உரோமானியர் கட்டிய திறந்தவெளி அரங்கில் இன்றும் இசை நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. அப்பால் கசன்லக் பள்ளத்தாக்கு. மே மாத விடியற்காலைகளில் இங்கு ரோசா மலர்களைப் பறிப்பர். ஒரு கிலோ நறுமண எண்ணெய்க்கு மூவாயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட இதழ்கள் வேண்டும். பின்னர்ச் சாலை வளைந்து வளைந்து பால்கன் மலைத்தொடரின் ஷிப்கா கணவாயில் ஏறுகிறது. 1877இல் உருசியப் படையினரும் பல்கேரியத் தொண்டர்படையினரும் இங்கு நின்று ஒட்டோமன் படையைத் தடுத்தனர். மறுவருடம் பல்கேரியா விடுதலையின் வாயிலை அடைந்தது.

கணவாயின் வடபுறச் சரிவில் கப்ரோவோ நகரம் உள்ளது. அவ்வூரில் பிறந்து, அன்று உருசியப் பேரரசில் இருந்த ஒடெசா நகரில் வணிகம் செய்தவர் வசில் அப்ரிலோவ். கிரேக்கக் கல்வியில் ஊறியிருந்த அவரது மனத்தைப் பல்கேரியரைப் பற்றிய உருசிய நூலொன்று மாற்றியது. அவரும் நண்பர்களும் தந்த பொருளால் 1835இல் கப்ரோவோவில் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. சமயச்சார்பற்ற பாடங்களைத் தாய்மொழியில் கற்பித்த முதல் பல்கேரியப் பள்ளி அதுவே. அதன் முதல் ஆசிரியர் நெயோபித். ரிலா மடத்துத் துறவி. அதே ஆண்டில் அவர் பல்கேரிய மொழிக்கு இலக்கணமும் எழுதி வெளியிட்டார்.

ஆசிரியர் ஒருவர், மாணவரோ பலர். புத்தகங்களும் இல்லை. இந்நிலையில் நெயோபித் கையாண்ட முறை, மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையாகும். பாட அட்டைகளைச் சுவரில் தொங்கவிட்டனர்; தொடக்க நிலைச் சிறுவர்கள் மணல் பரப்பிய பலகையில் விரலால் எழுதிப் பழகினர்.

வழிகாட்டி இதனை விளக்கும்போது தமிழ்ப் பயணி ஒருவருக்குத் திண்ணைப்பள்ளியும் சட்டாம்பிள்ளையும் நினைவுக்கு வராமல் இரா. அந்நினைவு தற்செயலானதன்று. 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்ட அவர், தம் இல்லத்திலும் அதனைப் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் அச்சோதனையை நூலாக வெளியிட்டார். ‘மதராசு முறை’ என்று பெயர்பெற்ற அது, லங்காஸ்டர் என்பாரின் முயற்சியாலும் ஐரோப்பாவெங்கும் பரவிப் புக்கரெஸ்ட் நகரை எட்டியது. நெயோபித் அங்குச் சென்று அதனைப் பயின்று வந்தார். நம்மூர் மணலில் எழுதிய பெயரறியாச் சிறுவர்க்கும் கப்ரோவோப் பள்ளிக்கும் இடையே இப்படியொரு வழி இருந்திருக்கிறது.

கற்சுவரில் நெடுங்கணக்கு

கப்ரோவோவை அடுத்த வெலிகோ டர்னோவோ, 1393 வரை தலைநகராய் விளங்கியது. குன்றின்மேல் அரண்மனையின் சிதைவுகள் மட்டுமே உள்ளன. இவான் அலெக்சாண்டர் என்னும் மன்னனுக்காக 1356இல் எழுதி முடித்த, 360க்கும் மேற்பட்ட ஓவியங்கள் கொண்ட நற்செய்தி ஏடு இன்று இலண்டன் நூலகத்தில் இருக்கிறது. நகரம் வீழ்ந்தபின் அங்கிருந்த அறிஞர் பலர் செர்பியாவுக்கும் உருசியாவுக்கும் சென்று எழுத்துப்பணியைத் தொடர்ந்தனர்.

மேலும் கிழக்கே செல்லின் பிரெஸ்லாவ். ஒன்பதாம் நூற்றாண்டில் சிரில், மெத்தோடியஸ் என்னும் உடன்பிறந்தார் சிலாவிய மொழிக்குக் கிளகோலித்திக் என்னும் எழுத்தை வகுத்தனர். மொராவியா நாட்டிலிருந்து துரத்தப்பட்ட அவர்தம் மாணவர்க்குப் பல்கேரிய மன்னன் போரிஸ் 886இல் அடைக்கலம் தந்தான். 893இல் தலைநகரான பிரெஸ்லாவில், கிரேக்க வடிவங்களைத் தழுவிய எளிய எழுத்து வளர்ந்தது. சிரிலின் பெயரை அது தாங்கியது. 1851இல் பிளோவ்திவ் நகரப் பள்ளியொன்றில் தொடங்கிய எழுத்துத் திருநாள் இன்று ஆண்டுதோறும் மே 24 அன்று நாடெங்கும் கொண்டாடப்படுகிறது. அவ்விரு ஆசான்களின் படங்களுக்கு மலர்வளையம் சூட்டி மாணவர்கள் ஊர்வலம் செல்கின்றனர்.

பிரெஸ்லாவின் வட்டத் தேவாலயம் கூரையின்றிப் புல்வெளியில் நிற்கிறது. அதன் வெண்கற்களில் கூரிய கருவியால் கீறிய எழுத்துகள் கண்டறியப்பட்டுள்ளன. இரு வரிவடிவங்களும் அங்கே உண்டு. யாரோ ஒருவர் நெடுங்கணக்கை முதலெழுத்திலிருந்து வரிசையாக எழுதிப் பார்த்திருக்கிறார்.