சண்டீகரின் செக்டார்களும் குடும்ப வாழ்க்கையும்

ஒரு நகரத்தில் குடும்பத்தோடு குடியேற விரும்புவோர் முதலில் கேட்பவை வீட்டு வாடகையும் அலுவலகத்தின் தூரமும் ஆகும். குடியேறிய சில வாரங்களிலேயே வேறு கேள்விகள் எழுகின்றன. எட்டு வயதுக் குழந்தை தனியே பள்ளிக்கு நடந்து செல்ல இயலுமா? பாட்டி மாலையில் சென்று அமர ஓரிடம் உண்டா? உப்பு வாங்குவதற்கும் பெருஞ்சாலையைக் கடந்தாக வேண்டுமா? இக்கேள்விகளை வரைபடம் தீட்டும்போதே எதிர்நோக்கிய இந்திய நகரங்கள் மிகச் சிலவே. அவற்றுள் சண்டீகர் முதன்மையானது.

1947-ஆம் ஆண்டுப் பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றதால் பஞ்சாப் தலைநகரை இழந்தது. சிவாலிக் குன்றுகளின் அடிவாரத்தில் புதிய நகர் ஒன்றை எழுப்ப முடிவாயிற்று. அமெரிக்கரான ஆல்பர்ட் மேயர் முதல் திட்டத்தை வகுத்தார். அவருடன் பணியாற்றிய நோவிக்கி 1950-இல் விமான விபத்தில் இறந்தபின் பொறுப்பு லெ கார்பூசியேயிடம் வந்தது. பீயர் ழான்னரே, மாக்ஸ்வெல் ஃபிரை, ஜேன் ட்ரூ ஆகியோர் அவருடன் இணைந்து பணிபுரிந்தனர். 1953 அக்டோபரில் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் நகரைத் தொடங்கி வைத்தார்.

செக்டாரின் அமைப்பு

நகரின் அடிப்படை அலகு செக்டார் ஆகும். அதன் நீளம் ஏறத்தாழ 1,200 மீட்டர். அகலம் 800 மீட்டர். இவ்வளவைத் தற்செயலானதென்று கருதுவது பிழை. செக்டாரின் மூலையிலுள்ள வீட்டிலிருந்து நடுப்பகுதிக்கு நேர்கோட்டில் சுமார் 720 மீட்டர் தூரமே உண்டு. குழந்தையின் நடைக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களே ஆகும். தொடக்கப் பள்ளியை மையமாகக் கொண்டு குடியிருப்பை அமைக்கும் கருத்தை 1929-இல் நியூயார்க் நகருக்கான ஆய்வில் கிளாரன்ஸ் பெர்ரி விளக்கியிருந்தார். அக்கருத்தின் இந்திய வடிவமே செக்டார் எனலாம்.

சாலைகள் ஏழு வகையாகப் பிரிக்கப்பட்டன. வேகமாகச் செல்லும் வாகனங்களுக்கான வி-3 சாலைகள் செக்டாரின் நான்கு பக்கங்களிலும் ஓடுகின்றன. எந்த வீட்டின் வாசலும் அவற்றை நோக்கித் திறப்பதில்லை. வி-4 என்பது செக்டாரின் ஊடே செல்லும் கடைத்தெரு. அதில் கடைகள் ஒரு பக்கத்தில் மட்டுமே அமைந்துள்ளன. நிழலும் கிடைக்கும், பொருள் வாங்க வருவோர் தெருவின் குறுக்கே ஓடவும் வேண்டியதில்லை. குடும்பங்களுக்கு மிகுந்த பயன் தருவது வி-7 ஆகும். அது பசுமைப் பட்டையின் நடுவே செல்லும் நடைபாதை. பள்ளிகளும் விளையாட்டிடங்களும் அப்பட்டையை ஒட்டியே திட்டமிடப்பட்டன. வீட்டிலிருந்து புறப்படும் சிறுவன் பேருந்தையோ லாரியையோ எதிர்கொள்ளாமலேயே வகுப்பறையை அடையலாம் என்பதே இதன் நோக்கம்.

அரசு ஊழியர் வீடுகள் பதவிக்கேற்ப 13 வகையாகக் கட்டப்பட்டன. இவ்வேற்றுமை கண்ணை உறுத்துவதே. ஆயினும் கடைநிலை ஊழியரின் வீட்டிற்கும் இரண்டு அறைகள், சமையலறை, குளியலறை, கழிப்பறை, சுவர் சூழ்ந்த முற்றம் ஆகியவை அளிக்கப்பட்டன. 1950-களின் இந்தியாவில் இது சிறிய செய்தியன்று.

மாலைப்பொழுது

நகரின் வடகோடியில் சுக்னா ஓடைக்குக் குறுக்கே அணை கட்டி 1958-இல் ஏரி உருவாக்கப்பட்டது. அணையின் மேற்பரப்பில் வாகனங்களும் நீரில் இயந்திரப் படகுகளும் கூடாதென லெ கார்பூசியே வலியுறுத்தினார். கைவண்டியில் குழந்தையைத் தள்ளிச் செல்லும் தாயும் முதியவரும் அங்கு அச்சமின்றி நடப்பதற்கு அந்த ஒரு விதியே காரணம். 16-ஆம் செக்டாரில் 1967-இல் அமைக்கப்பட்ட ஜாகிர் உசேன் ரோஜாத் தோட்டம், நீரோடையின் வழியைப் பின்பற்றி நகரின் ஊடே செல்லும் நீண்ட பூங்காத் தொடர், வாகனம் நுழையாத 17-ஆம் செக்டார் அங்காடி வளாகம் ஆகியவையும் குடும்பங்கள் கூடும் இடங்களாகும்.

குழந்தைகளைப் பெரிதும் கவரும் இடமோ எந்தத் திட்டத்திலும் இல்லாதது. சாலை ஆய்வாளராகப் பணியாற்றிய நேக் சந்த், கட்டுமானம் தடைசெய்யப்பட்ட காட்டுப் பகுதியில் 1957 முதல் யாரும் அறியாமல் உடைந்த பீங்கான், வளையல் துண்டுகள், கற்கள் முதலியவற்றைக் கொண்டு உருவங்களைச் சமைத்து வந்தார். 1970-களில் இது வெளிப்பட்டபோது விதிப்படி இடித்திருக்க வேண்டும். நிர்வாகமோ 1976-இல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, அவருக்குச் சம்பளமும் உதவிக்கு ஆட்களும் அளித்தது. விதிகளைக் காப்போர் விதியைத் தளர்த்திய நற்சான்றாகக் கற்பாறைத் தோட்டம் விளங்குகிறது.

எல்லைக்கு வெளியே

திட்டத்தின் குறைகளும் அதன் அளவுகளிலிருந்தே பிறந்தன. நகரம் 5 லட்சம் மக்களுக்கென வகுக்கப்பட்டது. 1981-இல் ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகை 4,51,610 ஆக இருந்தது. 2011-இல் 10,55,450 ஆயிற்று. வடக்குச் செக்டார்களில் பெரிய மனைகளும் குறைந்த மக்களும், தெற்கில் சிறு மனைகளும் நெருக்கமும் தொடக்கத்திலிருந்தே அமைந்தன. பசுமைப் பட்டை எல்லாருக்கும் பொது என்றாலும், அதன் ஓரத்தில் எத்தனை குடும்பங்களுக்கு இடம் கிடைத்தது என்பதே பயனை அளக்கும் கோல்.

நகரைக் கட்டிய தொழிலாளர்களுக்கு வரைபடத்தில் நிலையான இடம் ஒதுக்கப்படவில்லை. அவர்கள் அமைத்த குடிசைப் பகுதிகள் காலப்போக்கில் அகற்றப்பட்டன. 2006-ஆம் ஆண்டுச் சிறு அடுக்ககத் திட்டத்தின்கீழ்த் தனாஸ், மலோயா போன்ற விளிம்புப் பகுதிகளில் வீடுகள் கட்டித் தரப்பட்டன. கான்கிரீட் கூரையும் குழாய் நீரும் கிடைத்தது பெரும் நன்மை. ஆனால் வடக்குச் செக்டார் வீடுகளில் வேலை செய்யும் பெண்ணுக்கு முன்பு நடைதூரத்தில் இருந்த பணியிடம் பேருந்துத் தூரமாகிவிடுகிறது. அவள் திரும்பும்வரை குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார் என்ற கேள்வி வீட்டு ஒதுக்கீட்டு ஆணைகளில் இடம்பெறுவதில்லை.

நடுத்தரக் குடும்பங்களின் நிலையும் மாறியுள்ளது. தம் செக்டாரின் பள்ளியை விடுத்து வேறு செக்டாரின் பள்ளியை நாடும்போது குழந்தை வி-3 சாலையைக் கடந்தாக வேண்டும். வாகனங்கள் நிற்காமல் சுழன்று செல்லும் வட்டச் சந்திப்புகள் நடந்து செல்வோருக்கு ஏற்றவையல்ல. எனவே பெற்றோர் காரில் கொண்டுபோய் விடுகின்றனர். அக்கார்களே அடுத்த குழந்தையின் நடையைத் தடுக்கின்றன.

நகரின் முதற்கட்டச் செக்டார்களில் தனி வீடுகளை மாடிவாரியாகப் பிரித்து அடுக்ககங்களாக்குவதை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தடை செய்தது. மரபைக் காக்க இத்தீர்ப்பு துணைபுரியும். அதே வேளையில் அச்செக்டார்களில் புதிய குடும்பங்கள் இடம்பெறும் வழி குறுகுகிறது. அவர்கள் மொஹாலி, பஞ்ச்குலா, ஜீரக்பூர் ஆகிய அண்டை நகரங்களை நாடுகின்றனர். விடுமுறை நாள்களில் அக்குடும்பங்களும் சுக்னா ஏரிக்கு வருவதுண்டு. வாகனம் நுழையாத அணையில் நடப்பதற்கு முன், வாகனத்தை நிறுத்த அவர்கள் இடம் தேட வேண்டியிருக்கிறது.